பார்த்தவர்கள் பட்டியலில் உன் பெயர்

தம்பி,

உனக்கு நான் எழுதும் எந்தக் கடிதமும் நேராக உன் கைக்கு வருவதில்லை. அங்கே ஒருவர் பிரித்துப் படிக்கிறார், முத்திரை குத்துகிறார், பிறகுதான் உன்னிடம் தருகிறார். முதல் வருடம் எனக்கு அது கூச்சமாக இருந்தது. சாப்பிட்டாயா என்று எழுதும்போதுகூட முன்பின் தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருக்கும். இப்போது பழகிவிட்டது. ஒருவர் படித்தாலும் ஊரே படித்தாலும் எனக்கு ஒன்றுதான். அதனால் இந்தக் கடிதத்தை உன் வழக்கைப் பார்க்கும் வக்கீல் அம்மா நடத்தும் இதழுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். நீ கேட்டுக்கொண்டபடிதான். ஆனால் நீ எழுதச் சொன்னதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

போன முறை ஜெயிலுக்கு உன்னை மனு பார்க்க வந்தபோது நீ சொன்னாய். உள்ளே இருப்பவர்களுக்கு இணையம் கொடுக்கலாமா என்று குடும்பத்தாரிடம் கருத்துக் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்து வக்கீல் அம்மா மேலிடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார் என்று. "நீ காலேஜ் படிச்சவம்மா. மத்தவங்க அம்மாலாம் கைநாட்டு. வேணும்னு நல்லா நாலு வரி எழுதிக் குடு" என்றாய். உன் காரணங்களையும் வரிசையாகச் சொன்னாய். தபால் வழிப் படிப்புக்குப் பாடங்கள் எல்லாம் இப்போது வீடியோவில்தான் வருகின்றன; நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் வெளியோடு தொடர்பு கிடையாது. "டிவி மாரிதாம்மா கீது, ஒரு சேனலும் வராத டிவி" என்று சிரித்தாய். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸிலேயே எழுதியிருக்கலாம். பாதிக் காகிதம் போதும். எழுதவில்லை. எனக்கு மனம் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். மனம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது, அதுதான் உண்மை.

நீ சொன்ன காரணங்களை நான் மறுக்கவில்லை. நீ சொல்லாத ஒரு காரணம்கூட என்னிடம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வேலை கேட்டு வந்தார். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்களுக்குத் தடம் போடுவதுதான் எங்கள் வேலை என்பது உனக்குத் தெரியும். பஸ் கழுவ, ஓட்டுநருக்கு உதவிக்கு என்று அவரைச் சேர்த்துக்கொண்டோம். ரொம்ப வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் என்று அவரே சொன்னார். முதல் நாள் பஸ்ஸோடு ஒரு கம்பெனி வாசலுக்குப் போனார். அங்கே உள்ளே நுழைய வேண்டுமானால் போனில் ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு வீடியோ பார்த்து நாலு கேள்விக்குப் பதில் தொட வேண்டும். மகள் வாங்கித் தந்த புதுப் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாராம். "இன்னா நைனா, பிரசாதம் மாரி புடிச்சிகினு நிக்கிற" என்று ஓட்டுநர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். காவலாளி உள்ளே விடவில்லை. பஸ் போய்த் திரும்பி வரும்வரை வெயிலில் சுவரோரம் நின்றிருந்தார். மறுநாள் வரவில்லை. தண்டனை முடிந்து வந்த மனிதரை ஒரு வாசல் மறுபடியும் வெளியே நிறுத்தியது. நீ வரும்போது வாசல்கள் இன்னும் என்னென்ன கேட்குமோ தெரியாது. இதை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாலே வக்கீல் அம்மாவுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

என்னை எழுதவிடாமல் வைத்தது உன் போன்.

உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களும் படிப்பதால் சொல்லிவிடுகிறேன். நீயும் ஜோயலும் ஒரே தொழிற்சாலையில், ஒரே லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள். நாம் பிள்ளைப்பாக்கம், அவன் பென்னலூர். ஒரே வண்டியில் ஊர் சுற்றினீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு, பொங்கலுக்கு அவன் நம் வீட்டில். டிரெய்னிக் காலம் முடிந்ததும் உனக்கு பிரேக் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள், அவனை வைத்துக்கொண்டார்கள். அன்று கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து நீ அழுதாய். ஜோயல் அதைப் படம் பிடித்தான். கிண்டலுக்குத்தான். ஒரு சோகப் பாட்டைச் சேர்த்து லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாய். எங்கேடா என்றேன். வந்துர்றேம்மா என்றாய். ஒரகடம் கூட்ரோட்டில் பஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு அடி. அவன் விழுந்தது சிமென்ட் விளிம்பின் மேல். நீதான் அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் வரும்வரை நீதான் நின்றாய். கொல்லும் எண்ணம் இல்லை என்று கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஜோயல் இல்லை.

விசாரணைக்கு வேண்டியதை எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு, மனுப் போட்டபின் உன் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜோயலின் போனும் அப்படியே அவன் அம்மாவிடம் போனது. செத்துப்போனவர்களின் போனை வைத்திருப்பவர்கள் உண்டு. நான் உயிரோடு இருக்கிறவனின் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எண் போய்விடக் கூடாது என்று ரீசார்ஜ் செய்தேன். அலுவலகத்துக்கும் பையில் எடுத்துப் போனேன். உனக்கு வருவதை எல்லாம் பார்த்தேன். யாருக்கும் பதில் போட்டதில்லை. விஷயம் தெரியாத பள்ளிக்கூட நண்பன் ஒருவன், மச்சான் எங்க கீற, ஆளையே காணோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் விடாமல் அனுப்பினான்: ஆபரேட்டர் தேவை, மூன்று ஷிப்ட், சாப்பாடு, பஸ் இலவசம். அந்த பஸ்ஸுக்குத் தடம் போட்டதே நான்தான். ஒரு மதியம் நான் தொடாமலே போன் தானாக ஒரு படத்தொகுப்பைப் போட்டுக் காட்டியது. நீயும் ஜோயலும் வண்டியில், நீயும் ஜோயலும் தலை நனைந்து, நீயும் ஜோயலும் ஒரே பிளேட்டில் பரோட்டா. பின்னால் ஒரு இனிமையான சங்கீதம். போனைக் கவிழ்த்து வைத்தேன். சங்கீதம் நிற்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து யாரோ முனகுவதுபோல் அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. எதிர் மேசைப் பெண், ரிங்டோன் நல்லா இருக்கே மேடம் என்றாள்.

பிறகு அந்த ஸ்டேட்டஸ். உன் பள்ளி நண்பனுக்குக் கல்யாணம். அவன் போட்டிருந்த படங்களைப் பார்க்கலாம் என்று தொட்டேன். ஒருவருடையது முடிந்தால் அடுத்தவருடையது தானாக வந்துவிடும் என்பது உங்களுக்கெல்லாம் பழக்கம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மாலையும் மேளமும் முடிந்து, திரையில் ஜோயல் வந்து நின்றான். அவன் நினைவு நாள். படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, கீழே ஒரு வேதவசனம். அவன் எண்ணிலிருந்தே அவன் அம்மா எஸ்தர் அக்கா போட்டிருந்தார். நான் பதறி மூடினேன். மூடி என்ன பயன். ஸ்டேட்டஸ் போட்டவருக்கு, யார் யார் பார்த்தார்கள் என்று பெயர் தெரியும் அல்லவா. பென்னலூரில் எஸ்தர் அக்கா மகனுடைய போனைப் பார்த்தபோது, பார்த்தவர்கள் பட்டியலில் உன் பெயர், உன் சிரித்த முகத்தோடு.

அடுத்து நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஜோயலின் மாமா அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு போலீஸுக்குப் போனார். கொன்றவன் ஜெயிலில் உட்கார்ந்து போன் பார்க்கிறான் என்று புகார். உன் பிளாக் முழுவதையும் கொட்டிக் கவிழ்த்துச் சோதனை போட்டார்கள். உன் பாயைக் கிழித்தார்கள், சோப்பை இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்கு வீடியோ காலை நிறுத்தினார்கள், மற்றவர்களுக்கு டிவியை நிறுத்தினார்கள், அத்தனை பேரும் உன்னிடம் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கு வக்கீல் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்றே உன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் போனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏம்மா, ஒரு ஜெயிலயே தலைகீழா கொட்டிப் பாத்தாச்சு. நீ வூட்ல உக்காந்துகினு ஸ்டேட்டஸ் பாத்துகினு இருந்தியா?" என்றார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். பிறகு உன்னைப் பார்க்க வந்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவாய் என்று நினைத்தேன். நீ கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சிரித்தாய். "குத்தம் பண்ணி உள்ள கீறது நானு. மாட்டிக்கினது நீயாம்மா?" என்றாய். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் உன் முகம் மாறியது. மெதுவாகக் கேட்டாய்: "எந்த போட்டோம்மா போட்டிருந்தாங்க? தொப்பி போட்டதா?"

மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வியோடு நான் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து, இணையம் வேண்டும் என்று நீ கேட்டால், படிப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தத் தொப்பி எனக்குத் தெரிகிறது.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு அவனுக்கு நெட்டு? எல்லாம் அந்தக் கருமத்துலதான ஆரம்பிச்சுது" என்று தட்டைத் தள்ளிவைத்தார். எனக்கும் அதுதான் பயம். நீ அழுத அந்த வீடியோ போகவில்லை, தம்பி. லைன் குரூப்பிலிருந்து எங்கெங்கோ போய்விட்டது. யாரோ புதுப் பாட்டு சேர்த்திருக்கிறார்கள். அது யார், பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாமலே பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஜோயல் இறந்த செய்திக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் உன்னைப் பற்றி எழுதியிருப்பதை நான் வரி விடாமல் படித்திருக்கிறேன். என்னைப் பற்றியும் இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லிப் புகார் கொடுப்பேன். ஓரிடத்தில் போகும், வேறோரிடத்தில் முளைக்கும். நீ வெளியே வருவதற்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்று பைத்தியம்போல் உட்கார்ந்து தேடிய நாட்கள் உண்டு. அந்த மதில் உன்னை அடைத்து வைத்திருக்கிறது என்று நீ சொல்கிறாய். எனக்கோ, அது உன்னை மறைத்து வைத்திருக்கிறது என்றும் தோன்றும். வெயில் படாமல் வைத்திருக்கிற பண்டம்போல நீ அங்கே இருக்கிறாய் என்று ஒரு அற்ப நிம்மதி. தாய்க்கு அப்படியும் புத்தி போகும்.

இந்த நிலையில்தான் எஸ்தர் அக்கா ஆள் சொல்லி அனுப்பினார். அவர் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறார். எங்கள் பஸ்ஸில்தான் போகிறார். இத்தனை நாள் அந்தத் தடத்தின் ஆள் பட்டியல் வரும்போது அவர் பெயரைப் பார்க்காமல் தாண்டிப் போகப் பழகியிருந்தேன். ஓட்டுநர் வந்து, பென்னலூர் அக்கா உங்களைக் கூப்பிடறாங்க மேடம் என்றார். சாயங்காலம் பஸ் கூட்ரோட்டுப் பக்கம் ஆளுக்காகக் காத்து நிற்கும். போனேன். ஓட்டுநர் டீ குடிக்க இறங்கிவிட்டார். உள்ளே அவர் மட்டும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், நீலச் சீருடை, மடியில் டிபன் பை. கோர்ட்டில் பார்த்ததைவிட இளைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் எதிர் வரிசையில் உட்கார்ந்தேன்.

"நீதான் பாத்தியா?" என்றார்.

"நான்தான் அக்கா. தெரியாம வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"உன் பையன் இல்லியா?"

"இல்லக்கா. அவனுக்கு உள்ள போனே கிடையாது."

வெளியே வேறொரு கம்பெனி பஸ் வந்து நின்று, பெண்கள் இறங்கிப் போனார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் அவர் தொடர்ந்தார்.

"அவன் பேரு வந்துச்சு பாரு, வூட்ல எல்லார்கிட்டயும் காட்டினேன். என் தம்பிதான் குதிச்சிகினு ஸ்டேஷனுக்கு ஓடினான். நானும் போடான்னுதான் சொன்னேன். ஆனா அதுக்கு முன்னால, ஒரு நிமிஷம், எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? நிம்மதியா இருந்துச்சு. பாத்துட்டானேன்னு."

நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஏன் அவன பிளாக் பண்ணலன்னு நெனைக்கிற? எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னா? பக்கத்து வூட்டுப் பொண்ணு நூறு தடவ சொல்லிச்சு. நான் வேணாம்னுட்டேன். ஸ்டேட்டஸ் யாருக்குப் போடறேன்? என் சொந்தக்காரங்களுக்கா? அவங்க வந்து பிரியாணி துன்னுட்டுப் போய்ட்டாங்க. அவன் ஒருத்தன் பாக்கணும்னுதான் போடறேன். இப்ப நீ வந்து, நான்தான் பாத்தேன்னு சொல்ற. அப்ப இத்தினி நாளா அவன் ஒண்ணுமே பாக்கலியா?"

"இல்லக்கா."

"நான் தெனம் பாக்கறேன். அவன் ஒரு நாளும் பாக்கல."

அவர் அழவில்லை. டிபன் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பவர்களுக்கு இணையம் கொடுப்பதைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள், நான் எழுதவில்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவரிடம் சொல்லக் கூடாத விஷயம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அதுதான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"எழுது. குடுக்கட்டும். என் தம்பிக்குத் தெரிஞ்சா என்ன வெட்டுவான். ஆனா பாக்கட்டும். பாக்கறது மட்டும்தான். பேசக் கூடாது. ஒரு எழுத்து, ஒரு பூ, ஒரு கும்புடு எனக்கு வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் செத்துருவேன்."

அப்புறம் தன் பையிலிருந்து ஜோயலின் போனை எடுத்தார். மூலையில் உடைந்த கண்ணாடி அப்படியே இருந்தது. உங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சைத் திறந்து என் பக்கம் நீட்டினார். கடைசியாக இருந்தது அவன் உனக்கு அனுப்பியது. கோர்ட்டில் உரக்கப் படித்தார்களே, அதுதான். உன் தலை குனிந்துபோன அந்த நாள் எனக்கு மறக்காது. "வீடியோவ தூக்கிட்டேன்டா. கோச்சிக்காத. வா, டீ சாப்டலாம்." நீ ஹெல்மெட்டோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது அது வந்திருக்கிறது. உன் போன் நம் வீட்டில் சார்ஜில் இருந்தது.

அதன் பக்கத்தில் இரண்டு டிக்கும் இன்னும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"நீ எல்லாத்தையும் பாக்கறவ. இத ஏன் தொறக்கல?" என்று கேட்டார்.

உண்மைதான். ஏஜென்ட் அனுப்பியதைப் பார்த்தேன், நண்பர்கள் அனுப்பியதைப் பார்த்தேன், உன் அழுகையைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயரை எல்லாம் பார்த்தேன். ஜோயலின் பெயரை மட்டும் நான் தொட்டதில்லை. பட்டியலில் அதன் முதல் சொல் தெரியும்; விரல் அங்கே போனால் தாண்டிவிடும். "அது அவனுக்கு வந்ததுக்கா" என்றேன்.

அவர் போனைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பண்ண. தொறந்துடாத. நீ அமுக்கிக் காட்டாத, வீடியோல தூக்கிக் காட்டாத. அவன் கையால தொறக்கட்டும். எனக்கு இங்க நீலமா மாறும் இல்ல? அது போதும்." ஓட்டுநர் ஏறி இன்ஜினைப் போட்டார். "எறங்கு, பஸ்ஸு கெளம்புது" என்றார் எஸ்தர் அக்கா. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைய ஏற்பாட்டில் நீ பேசலாம். வாரத்துக்கு இத்தனை நிமிடம் என்று போன் உண்டு, நிறுத்திய வீடியோ காலும் மறுபடி உண்டு. உன் குரல் வெளியே வருகிறது. வெளியே இருப்பது எதுவும் உன்னிடம் வருவதில்லை. எஸ்தர் அக்கா கேட்பது நேர்த் தலைகீழாக. நீ வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்கிறார். யோசித்தால், தண்டனை என்று நாம் சொல்வது இதுதானோ என்று தோன்றுகிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் தன்னைப் பற்றி மட்டும்தான் யோசிப்பான். என் மேல் என்ன தப்பு, எனக்கு எத்தனை வருடம், எனக்கு டிவியை ஏன் நிறுத்தினார்கள். உன் கடிதங்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் வருடக் கடிதங்களில் ஜோயல் பெயர் வந்த இடங்களைவிட சாம்பார் வந்த இடங்கள் அதிகம். உன்னைக் குறை சொல்லவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாதவன் சாம்பாரைத்தான் பார்ப்பான்.

மறுபக்கமும் எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற எல்லாரும் தொப்பி போட்ட ஒரு படத்தைத் தேடப் போவதில்லை. சாட்சி சொன்னவளின் வீட்டைத் தேடுகிறவன் இருப்பான். பிரிந்து போன மனைவி எந்த ஊரில் வேலை செய்கிறாள் என்று தேடுகிறவன் இருப்பான். அந்தப் பெண் ஒரு நாள் போனைத் திறந்து, பார்த்தவர்கள் பட்டியலில் ஒரு பெயரைக் காண்பாள். எஸ்தர் அக்காவுக்கு அதில் ஒரு நிமிட நிம்மதி வந்தது. எல்லாருக்கும் வராது. சேரப்பணஞ்சேரியிலிருந்து எங்கள் பஸ்ஸில் வரும் ஒரு பெண், கணவன் உள்ளே போன பிறகுதான் தூங்கவே ஆரம்பித்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் தூக்கத்தை வாங்கி உன் படிப்புக்குக் கொடுக்கச் சொல்லி என்னால் எழுத முடியாது.

அதனால் வக்கீல் அம்மாவுக்கு நான் எழுதியது இதுதான். கொடுங்கள். பாடம் படிக்க, உலகத்தின் வாசல்கள் எப்படித் திறக்கின்றன என்று பழக, செய்தி தெரிந்துகொள்ளக் கொடுங்கள். யார் எதைப் பார்க்கிறார் என்று பக்கத்தில் ஒருவர் கவனிக்கட்டும். என் கடிதத்தையே படிக்கிறீர்கள், அதையும் பாருங்கள். உள்ளேயிருந்து வெளியே எதுவும் போகும் வழி இருக்க வேண்டாம். வெளியே இருக்கும் எவருடைய ஸ்டேட்டஸையும் பக்கத்தையும் திறக்க விட வேண்டாம், பாதிக்கப்பட்டவர்களே திறந்து வைத்தால் தவிர. அப்படித் திறந்து வைக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று அவர்களையும் போய்க் கேளுங்கள். உள்ளே இருப்பவர்களின் அம்மாக்களிடம் மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். எனக்கு ஒருவர் தெரியும். பென்னலூரில் இருக்கிறார், கேட்டால் பேசுவார், அவருடைய தம்பி இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

நீ எதிர்பார்த்த நாலு வரி இது இல்லை. உன் நண்பர்கள், உன் அம்மா காலை வாரிவிட்டாள் என்றுகூடச் சொல்வார்கள். சொல்லட்டும். எழுதியதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்த மெசேஜ் இன்னும் அப்படியே கீதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

அவர்கள் ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, எப்போது என்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை நீ வெளியே வந்த பிறகுதான் அது நடக்கும். எப்போதானாலும் உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே. முதலில் அழுகிற வீடியோவைத் தேடாதே. உன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தேடாதே. அதையெல்லாம் நான் படித்துவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை. ஜோயலின் பெயரைத் தொடு. கடைசியில் இருப்பதைப் படி. உனக்கு உடனே விரல் துடிக்கும். மன்னிச்சிடு என்று எழுதத் தோன்றும், அவன்தான் எதிரே இருக்கிறான் என்றுகூட ஒரு கணம் தோன்றும். எனக்கு அந்தப் போனோடு வாழ்ந்து அது தெரியும். எழுதாதே. அந்தப் பக்கம் இருப்பது அவன் அம்மா. வேலைக்குப் போகும்போதும் அந்தப் போனைப் பையில் வைத்திருக்கிறார். நீ படித்தாய் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் என்ன செய்வாரோ, அது அவர் பாடு. நீ போனைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு.

அம்மா